கொலுவில் ஒரு டார்ஜிலிங்

மூன்று வருடத்துக்கு முந்தைய நவராத்திரி. டெக்சஸில், பேர்லேண்டில் வீடு வாங்கிய பிறகு நாங்கள் வைத்த முதல் கொலு. இந்த ஊரில் மருந்துக்குக்கூட ஒரு மேடு கிடையாது. ஃப்ரீவே பாலம்தான் எங்களுக்கு மலை. என் கணவரோ டார்ஜிலிங்காரர், தாய்மொழி நேபாளி. நான் கோயம்புத்தூர். காதல் கல்யாணம்.

கொலுப்படிக்குப் பக்கத்தில் பார்க் வைப்போமே, அந்த இடத்தைத் தனக்குத் தரச் சொன்னார். ஆபீஸ் விட்டு வந்தால் அதே வேலைதான். அட்டைப்பெட்டிகளை அடுக்கி மலை, பஞ்சில் கஞ்சன்ஜங்கா, கடுகை முளைக்க வைத்துத் தேயிலைச் சரிவு, கடைகளை உரசிக்கொண்டு போகும் குட்டி ரயில். அப்போது மூன்றாம் வகுப்பு படித்த எங்கள் மகள் கூடவே உட்கார்ந்து கதை கேட்டாள். கீழே சமவெளியின் வெயில் தாங்காத வெள்ளைக்காரன், உடம்பைத் தேற்றிக்கொள்ள சிக்கிம் ராஜாவிடம் அந்த மலையை வாங்கியது, தேயிலை போட ஆள் கூட்டி வந்தது, அந்தக் கூட்டத்தில் அப்பாவின் முப்பாட்டனும் வந்தது, மழை கொட்டித் தீர்க்கும் ஊரில் குடிதண்ணீர் லாரியில் வருவது... எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வருகிறவர்களுக்குத் தானே விளக்கம் சொல்லப்போவதாகப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். அதில் ஒரு ஆன்ட்டி, முப்பது வருடமாக இங்கே இருப்பவர். எங்கள் வட்டாரத்தில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு. சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே ஆபீஸ் கதையை ஆரம்பித்தார்.

"புதுசா வந்த மேனேஜர், நீங்க எப்ப இந்த நாட்டுக்கு வந்தீங்கன்னு கேக்கறான். சிட்டிசன் ஆகி எவ்ளோ வருஷம் ஆச்சு! மூஞ்சிய வெச்சு முடிவு பண்றான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

எல்லோரும் 'உச்' கொட்டினோம். நானும்தான்.

பிறகு மகள் மலைக்குப் பக்கத்தில் நின்று ஆரம்பித்தாள். பாதி கேட்டிருப்பார் ஆன்ட்டி. என் கணவர் பக்கம் திரும்பி, உங்கள் குடும்பம் எப்போது இந்தியாவுக்கு வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவருக்கு இது பழகிய கேள்வி. இந்த ரயில் வருவதற்கு முன்பே, என்று சிரித்தார். ஆன்ட்டி விடவில்லை. அப்படியானால் நிஜத்தில் நேபாளம்தானே என்றார். பக்கத்தில் இருந்த பெண் தமிழில், "அதான் பாப்பாவுக்கும் கண்ணு அப்படி இருக்கு" என்றாள். பதில் சொல்வது ஆங்கிலத்தில்தான் என்றாலும் என் மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். விளக்கத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆன்ட்டி, இதையே உங்கள ஒருத்தன் கேட்டான்னுதானே இப்ப கோவப்பட்டீங்க?"

"அது வேறம்மா, இது வேற."

கோபமே இல்லாமல் சொன்னார். நம் ரூபாய் நோட்டில் இந்திய மொழிகளின் வரிசையில், தமிழுக்கு மேலே நாலைந்து வரி தள்ளி நேபாளியும் இருக்கிறது. எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது ஆன்ட்டி, "ஒருத்தரும் பாட்டே பாடலியே" என்று குறைப்பட்டுக்கொண்டார். அவருக்கு அந்தச் சாயங்காலத்தில் அது ஒன்றுதான் குறை.

அடுத்து வந்தவர்களுக்கு விளக்கம் சொல்ல மகள் கீழே வரவில்லை. கூப்பிடப் போன அப்பாவிடம், "வீ ஆர் ஃப்ரம் இந்தியா, ரைட்?" என்று கேட்டிருக்கிறாள். அத்தனை கதை தெரிந்த மனுஷன் 'யெஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டேன்.

இப்போது யார் எந்த ஊர் என்று கேட்டாலும் அவள் கோயம்புத்தூர் என்கிறாள். அவர் காதில் விழாதது போல் இருந்துவிடுகிறார். வெள்ளைக்காரன் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நான் எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டேன். நம்ம ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.