மூன்று மணிப் பாட்டு

ஒரு சி.டி.யில் எண்பது நிமிடம்தான் கொள்ளும். என்னிடம் நூற்றுப்பத்து அமெரிக்க ஜாஸ் பாட்டுகள் இருந்தன, எல்லாமே வாய்ப்பாட்டு. கோயம்புத்தூரில் டெக்ஸ்டைல் படித்தபோது விடுதித் தோழி ஒருத்தியின் கணினியில் பத்துப் பாட்டு கேட்டேன். அவ்வளவுதான், ஆள் காலி. மீதி நூறும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரு பாட்டு இறங்க இருபது நிமிடம் என்று காத்திருந்து பொறுக்கியவை.

படிப்பு முடிந்து வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். என் மேஜைக்கு அடுத்த கண்ணாடிக் கதவைத் திறந்தால் தையல் ஹால், லைன் லைனாக மிசின்கள். நாலு மூலையிலும் ஸ்பீக்கர். சனிக்கிழமை மத்தியானம் ஒவ்வொரு வாரமும் ஒரு லைன் டெய்லர்கள் தங்களுக்குப் பிடித்த சி.டி.யைக் கொண்டுவந்து போடலாம். ஆபீஸ்காரர்களுக்கு அந்த முறை கிடையாது.

எனக்கோ அந்த ஹாலில் ஒருவரையாவது ஜாஸ் கேட்க வைத்தாக வேண்டும். ஒருவர் என்றால், மூன்றாம் லைனில் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிசின் ஓட்டும் அக்கா. தூத்துக்குடிப் பக்கமிருந்து குடும்பத்தோடு வேலைக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார். ஸ்பீக்கரில் ஒரு பாடகர் சுருதி விட்டால், துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே "சறுக்கிட்டான்" என்பார். நான் இயர்போனை மாட்டிக்கொண்டு நாலு தடவை கேட்டுச் சரிபார்ப்பேன். சறுக்கியிருப்பான். அப்படி ஒரு காது.

"சினிமாப் பாட்டுதான் தேஞ்சு போச்சே, அடுத்த வாரம் எங்க முறையை நீ எடுத்துக்க" என்றார் ஒருநாள், என் ஜாஸ் புராணம் தாங்காமல். "ஆனா ஒண்ணு. நாங்க தூங்கி விழுந்தோம்னு வை, அதோட உன் இங்கிலீசுப் பாட்டுக்குப் பெரிய கும்பிடு."

இருபத்தாறு பாட்டு தேர்ந்தெடுத்தேன். பெயர் தெரியாத பாடகிகளுக்கு நானே பட்டம் வைத்திருந்தேன்: எலுமிச்சை, புகை, கண்டிப்பான டீச்சர். டீச்சர் ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டுத்தான் வெளியே அனுப்புவார். எலுமிச்சை சிரித்துக்கொண்டே பாடுவாள், சிரிப்பு எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லாருக்கும் மேலே புகை. அவளுடைய ஒரு பாட்டு, வாத்தியமே இல்லாமல் காதோடு சொல்வதைப்போல ஆரம்பிக்கும். ஒரு நிமிடம் கழித்துத்தான் பியானோ வரும், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதைப்போல. அக்கா கேட்க வேண்டியது அந்தப் பாட்டு. மற்ற இருபத்தைந்தும் அதற்குத் துணைக்குப் போகிறவை.

சாப்பாட்டு நேரத்தில் ஹாலில் போட்டுப் பார்த்தேன். அற்புதம். பெல் அடித்தது, நூறு மிசின் ஒன்றாகக் கிளம்பியது, புகை மறைந்தே போனாள். ஓவர்லாக்கின் இரைச்சலும் அவள் குரலும் ஒரே உயரம் போலிருக்கிறது. அப்புறம் நாலு நாள் மிசின்களுக்கு நடுவே நின்று, எந்தக் குரல் துளைத்துக்கொண்டு வருகிறது என்று பார்த்துப் பாதிப் பாட்டை மாற்றினேன். எலுமிச்சை தேறினாள். டீச்சர் முதல் மார்க். புகையை மட்டும் என்ன செய்தும் காப்பாற்ற முடியவில்லை.

அப்போதுதான் கரண்ட் கட் ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் தினமும் பகல் மூன்று மணிக்குக் கரண்ட் போகும். ஜெனரேட்டர்காரர் கேட் பக்கத்து ஷெட்டுக்கு நடந்து போய் அதைக் கிளப்பத் தொண்ணூறு நொடி ஆகும், வாட்சை வைத்துப் பார்த்துவிட்டேன். அந்தத் தொண்ணூறு நொடியும் ஹாலில் ஒரு மிசின்கூட ஓடாது. ஆனால் சி.டி. பிளேயரும் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரும் ஆபீஸ் கணினியோடு யு.பி.எஸ்.ஸில் இருந்தன. பாட்டு நிற்காது! இரண்டரைக்குச் சி.டி.யைப் போட்டால் சரியாக மூன்றுக்குப் புகை வாயைத் திறக்கும்படி முன்னால் பத்துப் பாட்டை நொடிக்கணக்கில் அடுக்கினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு பிரவுசிங் சென்டரில் சி.டி. எழுதி வந்தேன்.

சனிக்கிழமை. பத்துப் பாட்டும் பழுதில்லாமல் போயின. டீச்சர் பாடும்போது லைனில் இரண்டு தலைகள் ஆடின. ஹால் இன்சார்ஜ் வந்து, "பரவால்லீங் அம்மிணி, புரியலைன்னாலும் சத்தமா இருக்குது" என்றார். மணி மூன்று. புகை தொடங்கினாள்.

கரண்ட் போகவில்லை.

வருடம் முழுக்கத் திட்டிய கரண்ட் கட்டுக்காக அன்றைக்கு மனசுக்குள் கும்பிட்டேன். டியூப் லைட்டுகள் ஜம்மென்று எரிந்தன. மூன்றரை நிமிடமும் புகை பாடியிருப்பாள், கேட்டது மிசின்களுக்குத்தான்.

அடுத்தது எலுமிச்சை. நடுவில் அவள் சொற்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் சத்தமாக உருட்டிக்கொண்டே போவாள். சரியாக அந்த இடத்தில் கரண்ட் போனது. ஹால் முழுக்க அமைதி, அதற்குள் "ஷாபடூபி டாபடூபி" என்று ஒரு அம்மாள் தனியாக! ஹாலே சிரித்தது.

"பாட்டு மறந்துட்டு போல அவளுக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

"மறக்கல, நம்மள கூப்பிடுதா" என்றார் அக்கா. எலுமிச்சை ஒரு வரி உருட்டினாள், அக்கா அதையே "தாபதூதி" என்று திருப்பிப் பாடினார். அடுத்த வரி இன்னும் சுற்றிச் சுற்றிப் போனது. அக்கா விடவில்லை, ஒரு வளைவுகூடத் தப்பாமல் திருப்பினார். மூன்றாவதற்கு லைனே சேர்ந்துகொண்டது. ஜெனரேட்டர் வந்தபோது "ஏன்தான் வந்துச்சோ" என்றார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நான் கேட்க வைக்க நினைத்த பாட்டு அதுவல்லவே.

நாலு மணிக்கு டீ. எல்லாரும் வெளியே போக, அக்கா மட்டும் என்னிடம் வந்தார். "ஏ புள்ள, அந்த உருட்டுப் பாட்டுக்கு முன்னால மூணு நிமிசம் ஒண்ணுமே கேக்கலியே, சி.டி. கீறலா?"

"கீறல் இல்லீங்க்கா. அதுதான் பாட்டு."

நடந்ததையெல்லாம் சொன்னேன். கரண்ட் கட், வாட்ச், தொண்ணூறு நொடி. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கரண்டு நிக்கதுக்கு இவ்வளவு கணக்குப் போட்டியே, டீக்கு மிசின் நிக்கும்னு தோணலியா உனக்கு?"

தோணவில்லை. மெய்யாகவே தோணவில்லை. பதினாறு வருடப் படிப்பு.

"போடு" என்று தன் ஸ்டூலிலேயே உட்கார்ந்தார், கையில் டீயும் பன்னும். போட்டேன். பன்னைக் கடிக்காமல் கேட்டார். பியானோ வந்த இடத்தில் புருவம் மட்டும் உயர்ந்தது. முடிந்ததும் டீயையும் பன்னையும் ஓரமாக வைத்தார்.

"தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலயே வாரா, பாத்தியா? சறுக்கல் இல்ல, வேணும்னுதான் வாரா." மேஜைமேல் கிடந்த பனியனை எடுத்துக் கழுத்தை இழுத்துக் காட்டினார். "இந்தக் கழுத்தை இறுக்கித் தச்சா, தலை நுழையும்போது நூல் அறுந்துரும். விட்டுத் தைக்கணும். எவ்வளவு விடணும்னு கைக்குத்தான் தெரியும். இவ விட்டுப் பாடுதா."

இரண்டு வருடமாக அந்தப் பாட்டை ஏன் பிடிக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியாமல் இருந்தது.

"இன்னொரு தரம் போடு."

இரண்டாம் தடவை பாதியில் பெல் அடித்தது. ஆட்கள் வந்து உட்கார, மிசின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. புகை மங்கிக்கொண்டே போனாள். அக்கா தலையை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்துக்கொண்டு, பெடலில் வைத்த காலை அழுத்தாமல் இருந்தார்.

"ஏனுங்க, மூணாவது லைன்ல மிசின் நிக்குதுங்களே?" என்று இன்சார்ஜ் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"நூல் அறுந்துட்டு சார், கோத்துட்டிருக்கேன்!"

எட்டிப் பார்த்தேன். நூல் நன்றாகத்தான் இருந்தது.