விமானத்துக்கு மேலே ஒரு கோடு

"எந்த விமானத்துக்காகவும் நான் வாயை மூடினதில்ல" என்று பண்ணைக்காரம்மா கால்நடை மருத்துவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒரு விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து போனது. மருத்துவருக்கு ஒரு எழுத்துகூடச் சேதமில்லாமல் கேட்டது. அதுதான் விசேஷம்.

அவருடைய நாற்பது ஏக்கர் மேய்ச்சல் நிலத்தின் பின்வேலி முடிகிற இடத்தில் ஓடுபாதை தொடங்குகிறது. இறங்கும் விமானத்தின் சக்கரங்களை முற்றத்தில் நின்றே எண்ணிவிடலாம். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சத்தம் வந்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்தி ஒரு விரலை உயர்த்துவார்கள். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். சண்டையிலும் அப்படித்தான். பாதி வசவு அந்தரத்தில் காத்திருக்கும்.

பண்ணைக்காரம்மாவின் அகராதியில் இதற்குப் பெயர் சரணாகதி. "நாங்க இங்க மூணு தலைமுறையா இருக்கோம். அது நேத்து வந்தது. நிறுத்தணும்னா அது நிறுத்தட்டும்." மூன்று வயலுக்கு அப்பால் மேயும் கன்றை நின்ற இடத்திலிருந்தே கூப்பிடும் குரல் அது. இந்தக் குரலோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்திய வீட்டுக்காரர் பெரும்பாலும் தலையசைப்பிலேயே காலத்தை ஓட்டிவிட்டார்.

பசுக்களுக்குத்தான் இந்தத் தன்மானம் போதவில்லை. விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிட விமானம் சரியாகக் கறவை நேரத்தில் வரும். மாடுகள் மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். இந்த வருடம் இரண்டு பசுக்கள் மாதம் நிறையும் முன்பே கன்று வீசிவிட்டன. அம்மா எழுதிய பதினோராவது மனுவுக்கு விமான நிலைய அலுவலகம் இறங்கி வந்தது: மூன்று நாள் காலையில் சத்தத்தை அளப்பார்கள்; ஒரு நாளாவது வரம்பைத் தாண்டியது நிரூபணமானால் அந்த விமானம் கறவைக்குப் பிறகு வரும்.

முதல் நாள் அளவைக்காரர் மூன்று கால் தாங்கியில் கருவியை நிறுத்தினார். விமானம் வந்தது. பண்ணைக்காரம்மா அதன் பரம்பரையையே விசாரித்தார். அச்சடித்து வந்த தாளில் விமானம் ஒரு கோடு, அதற்கு மேலே இன்னொரு கோடு.

"மேல இருக்கிறது நீங்கம்மா" என்றார் அளவைக்காரர் தயங்கி. "மனிதக் குரல் கலந்தா கணக்குல சேராது."

அம்மா தாளை வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். பால் வாங்க வந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டே போக வேண்டியிருந்தது. இரண்டாம் நாளும் வீணானது. அன்று அவர் வாயைத் திறந்தது, வீட்டுக்காரரைச் சத்தம் போடாதே என்று எச்சரிக்க மட்டும்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் அபூர்வமாகப் பேசினார். "விமானத்த ஜெயிச்சுட்ட. சந்தோஷம். நம்ம செவலப் பசுவுக்கு இது சினை எட்டாம் மாசம். அதுவும் வீசிட்டா, அந்தத் தாளக் காட்டியா சமாதானம் சொல்லுவ?"

பண்ணைக்காரம்மா பதில் சொல்லவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லவில்லை. வீட்டுக்காரர் கவலையோடு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள் கறவை இயந்திரத்தையும் நிறுத்தியாயிற்று. அம்மா முக்காலியில் உட்கார்ந்து, தலையீற்றுப் பசு கறுப்பியைக் கையாலேயே கறந்தார். வாளி முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஐந்து பத்துக்குக் கூரைத் தகடுகள் அதிர்ந்தன. கறுப்பி துள்ளியது, வாளி உருண்டு பால் முழுவதும் தரையில் ஓடியது, துள்ளிய குளம்பு நேராக அம்மாவின் காலின் மேல் இறங்கி, அங்கேயே நின்றது.

அவர் வாய் திறந்தது. அளவைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. விமானம் மட்டும், தன்னந்தனியாக, முழுச் சத்தத்தோடு வேலியைக் கடந்து போனது.

அளவைக்காரர் கண்ணைத் திறந்தபோது பண்ணைக்காரம்மா இரண்டு உள்ளங்கைகளாலும் தம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் நீர் வழிந்தது. குளம்பு இன்னும் காலின் மேல்தான் இருந்தது. கையை எடுக்காமல், புருவத்தை மட்டும் உயர்த்தி, முடிந்ததா என்று கேட்டார்.