கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தவர்

போன வாரம் ஒரு மாடு வாங்கினேன். அன்றோடு போயிற்று என் நிம்மதி.

பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து அம்பத்தூருக்குக் குடி வந்தவன் நான். வந்த இடத்தில் மனைவிக்கு விடாத ஜுரம்; தாய்ப்பால் நின்றுவிட்டது. டின் பாலோ, யுத்தம் வந்ததிலிருந்து கடைகளில் கண்ணிலேயே படுவதில்லை. கைக்குழந்தை அழுகிற அழுகையில் ஆபீஸுக்குப் போகக் கால் எழவில்லை.

அயனம்பாக்கத்தில் கன்னியப்பன் என்ற குடியானவர் கறவை மாடு விற்கிறார் என்றார்கள். போனேன். பேரம் பேச வாயைத் திறந்தேன்... அவர் விடவில்லை.

"கன்னுக்குட்டியோட இட்டுக்கினு போ சார். வைக்கோலுக்கு வழியில்ல. இது மேல எனக்குப் பற்றுகிற்று ஒண்ணும் கெடையாது."

சொல்லிவிட்டு, கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, மாட்டைக் கயிற்றோடு என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கயிற்றோடு — அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. மாட்டை விற்பவர்கள் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வார்கள். அது போனால் தொழுவத்து லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். நானும் புதுக் கயிற்றோடுதான் போயிருந்தேன். இவர் மட்டும் ஏன் கொடுத்தார்?

'பற்றில்லை' என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. தங்கை கல்யாணத்தில் சீர்வரிசையில் பற்றில்லை என்ற சம்பந்தி கடைசியில் வெள்ளிக் குத்துவிளக்கை எடை போட்டுப் பார்த்தார். பதவியில் பற்றில்லை என்கிற எங்கள் சங்கத் தலைவர் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. இவரிடம் என்ன சூதோ?

எதிர்வீட்டு அருளப்பன் ரயில்வேக்காரர். கேட்டதும் மோவாயைத் தடவினார்.

"கயிறும் குட்த்துட்டானா? அப்போ மாட்டுல இன்னாவோ கீது அண்ணாத்தே."

கீதுதான். மறுநாள் மாடு செம்பை உதைத்துத் தள்ளியது. கன்றை விட்டோம், தவிட்டைக் காட்டினோம். பாலை அடக்கிக்கொண்டு நின்றது. குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர்தான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அடுத்த நாள் விடியலில் கதவைத் திறந்தால் — தெருமுனையில் கன்னியப்பன். எங்கள் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். விற்ற மாட்டையே ஓட்டிக்கொண்டு போகிற ஆசாமியோ?

"இங்கே என்ன வேலை, பெரியவரே?"

"ரயிலுக்கு வந்தேன் சார். சும்மா நின்னுகினு கீறேன்."

ரயிலடி இருப்பது ஊருக்கு அந்தப் பக்கம்.

"உங்கள் மாடு பால் தரவில்லை. குழந்தை பட்டினி கிடக்கிறது."

அவர் முகம் மாறிவிட்டது. விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனார். "இன்னாடி இது, கொயந்த அழுவுதுல்ல?" என்றார் மாட்டிடம். குரல் கேட்டதும் அது திரும்பி அவர் தோளை நக்கியது. செம்பு நுரைத்து நிரம்பியது. குழந்தை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது... மறைப்பானேன்?

"பற்றில்லை என்றீர்களே?"

"அப்டி சொன்னாத்தான் சார் குடுக்க மன்சு வந்துச்சு."

"அப்புறம் கயிறு?"

"அது ஊட்ல இருந்துச்சுன்னா, அத்தயே பாத்துகினு குந்திகினு இருப்பேன்."

'பற்றில்லை' என்றால் ஆசையற்ற நிலை என்று அகராதி பொருள் சொல்லலாம். கன்னியப்பனுக்கோ அந்த வார்த்தை, அழுகை வருவதற்குள் சாத்திக்கொள்ள ஒரு கதவு.

இப்போது தினமும் விடியலில் வந்துவிடுகிறார். பால் கறந்து கொடுக்க மட்டும்தானாம். மாட்டின் மேல் பற்றெல்லாம் இல்லையாம்.

நான் நம்பவில்லை.