முகம் பார்த்து ஊசி வைத்தவர்

காலையில் வாட்ஸ்அப்பில் லூர்து அண்ணன் படம் வந்தது. கழுத்தில் மாலை... சர்ச்சில் ஏதோ பாராட்டு விழா என்று நினைத்து, கைதட்டுகிற பொம்மையை அழுத்தி அனுப்பிவிட்டேன்.

உடனே மகன் பெங்களூரிலிருந்து ஃபோன். "அப்பா, அது டெத் மெசேஜ்ப்பா! முதல்ல டெலிட் பண்ணுங்க!"

டெலிட் பண்ணப் போய் ஒரு கேக் படமும் அங்கே போய்விட்டது.

லூர்து அண்ணன் போய்விட்டார்.

அடக்கம் சாயங்காலம்தான். மதியமே சட்டை மாட்டி, வீட்டுக்குள்ளேயே செருப்போடு நடந்துகொண்டிருக்கிறேன்.

"தரையெல்லாம் மண்ணு. கொஞ்சம் உக்காந்துதான் தொலைங்களேம்ப்பா" என்கிறாள் மகள். உட்கார்ந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது... அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளில், தென்னூரில் ஒரு ரிக்கார்டு பிளேயர் கடை. நான் சேல்ஸ்மேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்... இரண்டாவது முயற்சியில். லூர்து அண்ணன் அங்கே டெஸ்டர்.

அவர் வேலை கார்ட்ரிட்ஜ். ரிக்கார்டைத் தொடுகிற ஊசியும், அதைப் பிடித்திருக்கிற குட்டிப் பெட்டியும். வைர ஊசி வைத்த வெளிநாட்டுச் சரக்கென்றால், விலையைக் கேட்டாலே நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

ஊசி முனையை லென்ஸில் பார்ப்பார். ரசமட்டம் வைத்து பிளேயரை நேராக்குவார். அப்புறம் ஊசியைத் தாங்கும் கையின் பின்னால் இருக்கிற எடையைத் திருகித் திருகி... பாரம் கூடினால் ரிக்கார்டு தேயும், குறைந்தால் பாட்டு பிசிறும்.

கடைசியில் ஒரு ரிக்கார்டைப் போட்டு, என்னை எதிரே உட்கார வைப்பார். திருகும்போது ஊசியைப் பார்க்க மாட்டார். என் முகத்தையே பார்ப்பார்.

அவருக்குக் கல்யாண வயதில் ஒரு தங்கை. நானும் அதே சர்ச். நமக்குப் புரிந்துவிட்டது!

மறுநாளிலிருந்து பவுடர். நெற்றியில் சுருள்முடி. வலது கன்னத்தில் பரு இருந்ததால் இடது பக்கத்தை மட்டும் காட்டி, மாறாத ஒரு புன்னகை.

அந்த வாரம்தான் ஸ்ரீரங்கத்து மாமா ஒருவருடைய பிளேயர் வந்தது, புதுக் கார்ட்ரிட்ஜோடு. அவர் பிள்ளை லண்டனிலிருந்து அனுப்பியது. லூர்து அண்ணன் திருகினார், நான் புன்னகைத்தேன், ஓகே ஆயிற்று. நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாளில் மாமா பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு குதிரை வண்டியில் வந்து இறங்கினார். "ஏன்டாப்பா, பாடறவா 'ஸ' சொல்றச்சயெல்லாம் யாரோ அப்பளம் பொரிக்கறாப்ல இருக்கே!"

முதலாளி ரிக்கார்டைப் போட்டார். ஸ்ஸ்ஸ்... மாமா முகம் சுளித்தார், முதலாளி சுளித்தார், நானும் சுளித்தேன்.

லூர்து அண்ணன் மட்டும் சுளிக்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாட்டு கேட்கும், மிருதங்கம் கேட்கும்... அந்த மெல்லிய 'ஸ்' மட்டும் அவர் காதுக்கு வந்து சேர்வதில்லை. இத்தனை நாள் என் முகத்தில்தான் அதைக் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை பார்க்கவில்லை!

"உன் காதுக்குத்தானே லூர்து சம்பளம் குடுக்கறேன்?" என்றார் முதலாளி. அண்ணன் லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீடே ஓடியது.

"நான்தான் முதலாளி... டெலிவரி குடுக்கறப்ப துடைக்கிறேன்னு எடையைத் திருகிட்டேன்." எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய்.

"பில்லு போடறதோட நிறுத்திக்க. இனிமே அதுல கைய வெச்சே, ஒடிச்சுருவேன்!"

"போறது, விடுங்கோ. கொழந்தை" என்றார் மாமா. மீசை வைத்த குழந்தை.

அப்புறம் டீக்கடையில், அண்ணன் டீயை ரொம்ப நேரம் ஊதிக்கொண்டே இருந்தார். "நீ அதைத் தொடவே இல்லையே தம்பி."

"தொட்ட மாதிரிதான் இருக்குண்ணே."

இன்னும் கொஞ்சம் ஊதினார். "நாளைக்குப் பவுடர் வேணாம். மூஞ்சி தெரிய மாட்டேங்குது."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நான் சுளித்தால் திருகுவார், சுளிப்பு போனால் நிறுத்துவார். நான் கடையை விட்டுப் போகும்வரை அவர் ஓகே பண்ணியது ஒன்றும் திரும்பி வரவில்லை.

தங்கைக்கு லால்குடி பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. பந்தியில் சாம்பார் ஊற்றியவன் அடியேன்.

போன கிறிஸ்துமஸுக்குப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. எனக்கும் ஒரு காது அவுட். இரண்டு பேரும் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார். "என்ன தம்பி, முட்டி வலியா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத. பிசிறுது."

கார் வந்துவிட்டது. மகள் கூப்பிடுகிறாள்... முகத்தைக் கழுவியாயிற்று. பவுடர் போடவில்லை. வந்துட்டிருக்கேண்ணே.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்றைக்கு வாசல் கேட் வரை வந்து வழியனுப்பினார். ஒன்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்குக் கேட்காது, தெருவுக்குத்தான் கேட்கும் என்று விட்டுவிட்டேன்.

என் மூஞ்சிய உங்களை மாதிரி யாருமே பார்த்ததில்லைண்ணே.