மாடியிலிருந்து விழும் சாதம்

பூனாவை ஒட்டிய நிக்டியில் நாங்கள் குடியிருந்தது தரைத்தளம். எங்களுக்கு மேலே, கும்பகோணத்திலிருந்து வந்து பூனாக்காரியாகவே ஆகிவிட்ட ஒரு மாமி. காக்காய்க்குச் சாதம் வைக்காமல் சாப்பிடமாட்டார். மொட்டைமாடியைக் குடியிருப்புச் சொசைட்டிக்காரர்கள் பூட்டி வைத்திருந்ததால், பால்கனியிலிருந்தே கீழே போட்டுவிடுவார். ராத்திரி மிஞ்சிய சப்பாத்தியும் அதோடு சேரும். அன்னத்தைக் குப்பையில் போட்டால் பாவமாம். என் கொல்லைப்புறத்தில் போட்டால் புண்ணியம்!

காக்காய் கொத்தியது போக மீதியை எலிகள் தின்றன. எலிகளைத் தேடி ஒரு நாள் நல்ல பாம்பு வந்தது. என் நாலு வயது மகள் செருப்பில்லாமல் ஓடும் இடத்தில், துவைக்கிற கல்லோரம் படமெடுத்து நின்றது. தடியோடு வந்த வாட்ச்மேனைத் தடுத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பாம்பு பிடிப்பவருக்குப் போன் செய்தேன். அவர் வந்து கொக்கியால் தூக்கிப் பைக்குள் விட்டுக் கட்டி, காட்டில் விடுவதற்காகக் கொண்டுபோனார். மேலிருந்து சாப்பாடு விழுகிறவரை எலி வரும், எலி இருக்கிறவரை பாம்பும் வரும் என்று மராத்தியில் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நேரே மாடிக்குப் போய் மாமியிடம் அதைச் சொன்னேன்.

"நல்ல பாம்பு வந்தா நல்லதுடி. சாட்சாத் சுப்ரமண்யர். பாவ் லிட்டர் தூத் வாங்கிக் கிண்ணத்துல வெச்சுடு."

"பாம்பு பால் குடிக்காது மாமி. சாதத்தைக் கைப்பிடிச் சுவர்ல வெச்சு, மிச்சத்தை எடுத்துடுங்கோ. அது போதும்."

"பால்கனி அசிங்கமாயிடுமேடி!"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. மகளைத் தூக்கிக்கொண்டு போய் மாமி வீட்டுக் கூடத்தில் விட்டேன். சாதம் விழுவது நிற்கும்வரை இவள் இங்கேதான் விளையாடுவாள் என்று சொல்லிவிட்டேன். அவள் சோபாவில் குதித்தாள், கொலு பொம்மைகளை இறக்கினாள். இரண்டு நாளில் மாமி அலறுவார் என்று காத்திருந்தேன். மாமியோ அவளுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தார். சாதமும் தவறாமல் விழுந்தது.

கடைசியில் நான்தான் சலித்துப்போனேன். கீழேயே விளையாடட்டும் என்று குழந்தையை அழைத்துவர மாடிக்குப் போனேன். மாமி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நன்னாயிருக்கே! பாம்பு நடமாடற எடத்துல யாராவது கொழந்தைய விடுவாளோ? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

மறுநாளிலிருந்து, காக்காய் பறந்ததும் நானே துடைப்பத்தோடு கொல்லைக்குப் போக ஆரம்பித்தேன். பால்கனியிலிருந்து மாமி எட்டிப் பார்ப்பார்.

"அந்த மூலையில கொஞ்சம் கெடக்கு பாரு" என்று காட்டுவார்.