கொள்ளுக்கொடி கருகிய காற்று

அந்தக் காரை நான் வெறுங்காலோடுதான் ஓட்டினேன். வண்டிக்குள் எது சரியில்லை என்றாலும் முதலில் தெரிவது உள்ளங்காலுக்குத்தான். பாகூரைத் தாண்டி ஆற்றை நோக்கி இறங்கும்போது காலுக்குத் தெரிந்தது. தரைப்பலகையின் நடுவில் தோசைக்கல்லின் சூடு. கூடவே ஒரு கருகல்.

பிரான்சிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய புது வண்டி. டீசலில் ஓடும் கார் பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் கொம்யூன் வட்டாரத்தில் அது ஒன்றுதான். பெட்ரோல் வண்டிகளோடு பழகிய எனக்கு அதன் இருமலே புதிது. பின்சீட்டில் பண்ணைக்காரர் மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாடா நாத்தம்?"

"நிறுத்திப் பாக்கறேன் ஐயா."

"பாக்க இன்னா இருக்குது? காலையில சக்கரத்தாண்ட ஒருத்தன் குந்திக்கினு இருந்தானே. அவன் வேல."

அவன் அவருடைய பழைய குத்தகைக்காரன். அறுப்பு முடிந்ததும் நிலத்தைப் பிடுங்கிக் கரும்பு வைத்துவிட்டார். இப்போது அதே நிலத்தில் கூலிக்கு நிற்கிறான்.

ஆற்றோரக் களத்துமேட்டில் வண்டியை நிறுத்தினேன். நான் எஞ்சின் மூடியைத் திறப்பதற்குள், அவர் கை காட்ட, பண்ணை ஆட்கள் அவனை வயலிலிருந்து மயிரைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள். மண்ணில் தேய்ந்து முழங்கால் சிவந்திருந்தது. நெல்லடிக்கும் கல்லின்மேல் அவன் வலது கையை விரித்து அழுத்தினார்கள். ஜாக்கி சுற்றும் இரும்புக்கம்பி பண்ணைக்காரர் கையில் இருந்தது.

"வண்டிக்குள்ள இன்னாத்த வெச்ச?"

"ஒண்ணும் வெக்கல ஐயா. சக்கரத்து மூடி பளபளன்னு இருந்திச்சி. மூஞ்சி பாத்தேன்."

"ஒம் மூஞ்சிக்கு மோட்டார் கண்ணாடி கேக்குதா?"

ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் கம்பி இறங்கியது. கரும்புக் கணு முறிகிற சத்தம். சுண்டுவிரல். அவன் அலறல் ஆற்று மணல்வரை போய்த் திரும்பி வந்தது.

"டிரைவரு, அவன் வெச்சத எடுத்துக் காட்டு. அப்புறம் இந்தக் கையே இவனுக்கு இல்ல."

அந்தக் கை இருக்குமா போகுமா என்பது இனி வண்டியின் வயிற்றில் இருந்தது. மூடியைத் திறந்தேன். தண்ணீர் கொதிக்கவில்லை. பெல்ட் கிழியவில்லை. எண்ணெய் அளவு சரி, அதில் தீய்ந்த வாடை இல்லை. ஒயர்கள் குளிர்ந்திருந்தன. பிரேக் பிடித்துக்கொண்டதோ என்று சக்கரங்களைத் தொட்டேன். இல்லை. சூடு முன்னே இல்லை, ஓரங்களில் இல்லை, நடுவில்தான். பின்னால் கம்பி மறுபடி ஓங்கும் நிழல் தரையில் ஆடியது.

"கொஞ்சம் பொறுங்க ஐயா!"

மல்லாந்து அடியில் நுழைந்தேன். முகத்தில் உலைச்சூடு அடித்தது. அப்போதுதான் மூக்குக்கு விளங்கியது. வறுத்த கொள்ளு. மாசி மாதம் முழுக்க எங்கள் வீடு, களம், உடுத்திய வேட்டி எல்லாவற்றிலும் கிடக்கிற வாசனை. அதனால்தான் அதை யாரும் தனியாக முகரவில்லை.

கொள்ளுக்கொடி. பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் தண்டில் கயிறுபோல முறுக்கி, பக்கத்துப் புகைக்குழாயில் உரசி, உள்ளுக்குள்ளே கனிந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் நீட்டிய அரிவாளால் அறுத்து இழுத்தேன். காற்றுப் பட்டதும் புகைந்து கண்ணைத் திறந்தது நெருப்பு.

வெளியே வந்து அவர் காலடியில் போட்டேன்.

"யார் வூட்டுக் கொடிடா இது?" என்றார், குரல் இறங்கி.

"நம்ம பண்ணையுதுங்க. காலையில ரோட்டுல பரப்பச் சொன்னீங்களே. புது வண்டி ஏறுனா போரடிக்க மாடு எதுக்குன்னு, முன்ன பின்ன ஓட்டச் சொன்னீங்க."

ஓட்டியது நான். 'இன்னும் ஏத்துடா, நல்லா உதிருது பாரு' என்று பின்சீட்டில் தொடையைத் தட்டிச் சிரித்தது அவர். ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் இருமினான், சிரிப்பை விழுங்கின இருமல்.

"வுடுங்கடா அவன" என்றார்.

விட்டார்கள். அவன் எழுந்தான். கையைப் பார்த்தான். காரைப் பார்த்தான். குனிந்து, புகைகிற கொடிச் சுருணையை அந்த உடைந்த கையாலேயே வாரினான். யாரும் அசையுமுன் திறந்திருந்த கதவு வழியாகப் பின்சீட்டில் எறிந்தான்.

"இப்ப வெச்சேன்யா! பாத்துக்க!"

ஓடினான். ஆற்றுக்கு அந்தாண்ட இங்கிலீஷ்காரன் எல்லை. எங்கள் போலீஸ் போக முடியாத மண். தோல் சீட்டு சுருங்கி, உள்ளே திணித்திருந்த குதிரைமயிர் பற்றிக்கொண்டது.

"அணைடா! அணைடா நாயே!" என்று கம்பியால் என் முதுகில் அடித்தார். கொடியை அணைக்க எடுத்த ஈரச் சாக்கு என் கையில் இருந்தது. அடி விழவிழ அதை வீசாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். ஆட்கள் முழங்கால் தண்ணீர்வரை துரத்தி நின்றுவிட்டார்கள்.

அக்கரை மணலில் ஏறி அவன் திரும்பினான். வலது கையை உயரத் தூக்கிக் காட்டினான். சுண்டுவிரல் தொங்கியது. மற்ற நான்கு விரல்களையும், இன்னும் அவனுடையவைதான் என்பதுபோல, மடக்கி மறுபடி விரித்தான்.