அச்சைத் திருப்பிய கலாநிதி

கலாநிதி அருமைநாயகம் காலமாகிவிட்டார். மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் பழைய எழுதுவினைஞர் துரைசிங்கம் சைக்கிளை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்.

"தங்கச்சி, சேர் மோசம் போயிட்டாராம். கொழும்பிலை. நித்திரையிலை போனவராம்."

"அவருக்கு எப்பவும் நித்திரை நல்லாத்தானே வரும்" என்றேன். துரைசிங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

அவரோடு வவுனியாவில் வேலை செய்தவர்கள் நினைவு மலருக்கு ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தர வேண்டும் என்று அவருடைய வீட்டார் கேட்டிருக்கிறார்கள். என் பங்கு இது. புகழ்ச்சியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த மலையகக் குடும்பங்கள் செட்டிகுளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியிருந்தன. அங்கே குளத்திலிருந்து புது வாய்க்கால் ஒன்று வெட்டத் திட்டம் இருந்தது. அது இவர்களுடைய காணிக்கு வருவதா, யாழ்ப்பாணத்திலிருந்து முன்பே வந்து நெல் செய்துகொண்டிருந்தவர்களின் பக்கம் நீளுவதா என்பதுதான் கேள்வி. எந்தச் சனம் தண்ணீரைப் பயன்படுத்தும் மனநிலையில் இருக்கிறது என்று ஆராய்ந்து சொல்ல வந்தவர் அருமைநாயகம். நான் அவருடைய புள்ளிவிபர உதவியாளர். யாருடைய பயிர் காய்கிறது என்று பார்க்க இரண்டு கண் போதும். அவருக்குக் காரணிப் பகுப்பாய்வு தேவைப்பட்டது.

முதல்நாளே எங்களை இருத்திப் பாடம் நடத்தினார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்த அலுவலகம் அது. "குசினிக்குள்ளை கோப்பையள் எல்லாம் சேர்ந்து அதிருதெண்டால் வெளியிலை ரயில் போகுது. ரயிலைப் போய்ப் பாக்கவேண்டியதில்லை" என்றார். நல்ல விளக்கம், அதை நான் மறுக்கமாட்டேன். பல கேள்விகளின் விடைகள் சேர்ந்தே ஏறி இறங்கினால், அவற்றுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கலாம். அதைத்தான் காரணி என்கிறோம். எந்தக் கேள்வி எந்தக் காரணியில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதைக் கணக்கு சொல்லும். ஆனால் அந்தக் காரணி என்ன என்பதைக் கணக்கு சொல்லாது. அதற்கு மனிதர்தான் பெயர் வைக்கவேண்டும். பெயர் வைப்பதில் மட்டும் அருமைநாயகம் ஒருநாளும் தயங்கியதில்லை.

வினாக்கொத்தோடு ஊருக்குள் போனோம். அவர் ஜீப்பில் கதிரை ஒன்றையும் ஏற்றிவருவார். மரநிழலில் அதைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வாக்கியமாக வாசித்து "சம்மதமா, இல்லையா" என்று கேட்பார். யாழ்ப்பாணத்துக் குடியேற்றக்காரர் அவரைச் சும்மா விடவில்லை. "உதென்ன விசர்க் கேள்வி? முதல் வயலுக்குப் போடப் பசளையைக் கொண்டுவாங்கோ, பிறகு கதைப்பம்" என்றார் ஒருவர். அந்த ஆளுக்கு "இல்லை" என்று பதியும்படி அருமைநாயகம் என்னிடம் சொன்னார்.

மலையகக் குடும்பங்களின் பக்கம் கதை வேறு. மருதாயி என்ற பெண் கிணற்றில் அள்ளி மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், வாளியை வைத்துவிட்டு வந்து நின்றாள். அந்தக் கிணற்றை அவளும் புருஷனும்தான் வெட்டினார்கள்.

"எல்லாத்தையும் அரசாங்கம்தான் செய்து தரவேணும். சம்மதமா?"

"ஆமாங்க ஐயா."

"விதி விட்டபடிதான் நடக்கும்?"

"ஆமாங்க."

எதற்கும் ஆமாங்கதான். அவள் மட்டுமல்ல, முழு ஊரும் அப்படித்தான். ஜீப்பில் வந்து கதிரை போட்டு உட்காரும் ஆளிடம் இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு அறிந்தவர்கள். பக்கத்தில் நின்ற எனக்கே விளங்கியது.

கணிப்பானைத் தட்டித் தட்டி நாங்கள் கணக்கை முடித்துக் கொடுத்ததும், அவர் வரைபுத்தாளில் புள்ளிகளைக் குறித்து, கோடு போடும் அடிமட்டத்தை வைத்து அச்சுக் கோடுகளைத் திருப்பத் தொடங்கினார். இதில் கள்ளம் இல்லை. புள்ளிகள் இருந்த இடத்தில் இருக்க, பார்க்கிற கோணத்தை மாற்றலாம். முறை அதை அனுமதிக்கிறது. எந்தக் கோணமும் கணக்குக்கு ஒன்றுதான் என்பதால், திருப்புகிறவர் நேர்மையாகவும் இருக்கவேண்டும், கொஞ்சம் வெட்கமும் உள்ளவராக இருக்கவேண்டும். "அச்சைக் கொஞ்சம் திருப்பினால் உண்மை தானாத் தெரியும், பிள்ளை" என்பார். அந்த ஆமாங்க எல்லாம் ஒரே கோட்டில் வந்து விழும்வரை திருப்பினார். விழுந்ததும் பெயர் வைத்தார்: தங்கிவாழும் மனப்பான்மை.

எனக்குப் பொறுக்கவில்லை. அதே வாக்கியங்களைத் தலைகீழாக எழுதிக்கொண்டு மருதாயியின் ஊருக்குத் திரும்பப் போனேன். "அரசாங்கம் வேண்டாம், எல்லாத்தையும் நாங்களே செய்வம். சம்மதமோ?" என்று கேட்டேன். "ஆமாங்கம்மா" என்றார்கள். வரிசையாக எல்லாரும் சொன்னார்கள். விடைகளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

"சேர், அந்தச் சனத்தின்ரை மனசை நாங்கள் அளக்கேல்லை. மரியாதையைத்தான் அளந்திருக்கிறம். கோப்பையளை அதிரவைச்சது எங்கடை ஜீப்."

அவர் நிதானமாகப் பார்த்தார். சரி, மனிதர் ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று நம்பினேன். அடிமட்டத்தை எடுத்தார். புதிய விடைகளையும் சேர்த்து இன்னொரு அச்சு வரைந்தார். அதற்கும் ஒரு பெயர் வைத்தார்: முரண்பாட்டு மனநிலை.

"தரவோடை உணர்ச்சியைக் கலக்காதையும், பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார். மடையர்களை நான் மன்னித்திருக்கிறேன். இவர் மடையரல்ல. கணக்குத் தெரிந்தவர். சொன்னது விளங்கியும் தேநீர் குடித்தவர். அந்த மனிதரை அன்றிலிருந்து நான் மதித்ததில்லை, செத்துவிட்டார் என்பதற்காக இன்று மதிக்கத் தொடங்கவும் முடியவில்லை.

வாய்க்கால் மற்றப் பக்கம் போனது. இவர்களுடைய காணியை இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம் என்று அறிக்கை சொன்னது. இரண்டாம் கட்டத்துக்கு முன் நாட்டில் சண்டை வந்துவிட்டது. அருமைநாயகம் அந்த இரண்டு பெயர்களையும் வைத்துக் கட்டுரை எழுதி, வெளிநாட்டுக் கூட்டமொன்றில் வாசித்துவிட்டு வந்தார். ஊருக்கு ஒருமுறையும் திரும்பப் போகவில்லை.

செய்தி கேட்ட அடுத்த கிழமை மருதாயியிடம் போனேன். அவள் அதே கிணற்றடியில்தான் இருந்தாள். புருஷன் இப்போது இல்லை. தனியே இறைத்து வாளியால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கதிரையோடை வந்த ஐயா செத்துப்போனார்" என்றேன்.

"அப்படிங்களா. பாவங்க."

"அவர் உங்களுக்கு நல்லது செய்தவரோ?"

"ஆமாங்கம்மா."

"கெடுதல் செய்தவரோ?"

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். வாய்க்கால் போன பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அவரப் பத்தி எழுதப் போறீங்களாம்மா?"

"ஓம்."

"செத்தவங்கம்மா. நல்லபடியா எழுதிருங்க."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது கேள்வியைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் ஒன்றுதான். அதை அவர் கற்பிக்கவில்லை, அவரால் வந்தது. அன்று அவளிடம், "கெட்டபடியா எழுதட்டோ" என்று திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாளியைக் கையில் பிடித்தபடி அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம், எழுதுறன்" என்றேன்.